ஆயிரத்துக்கு ஏழு

வாலிநோக்கத்தில் கச்சான் அடிக்கிற மாதம்.
உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசுகிறது.
நெய்னா முகம்மதின் பழைய இரும்புக் கடையில்
ஒரு கட்டி இருப்பதாகத் தகவல்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

காந்தம் ஒட்டவில்லை.
பனங்காய் அளவுதான், தராசில் பதினேழு கிலோ.
"ஈயம்னு நெனச்சுத்தான் வாங்குனேன்.
ஈயம் இப்படிக் கனக்காது.
தங்கமோன்னு ரெண்டு ராத்திரி தூங்கலைங்க."

சந்தியாகு அரம் போட்டுப் பார்த்திருக்கிறான்.
வெள்ளைப் பொறி தெறித்ததும்
கையை எடுத்துவிட்டான்.
அந்தக் கொட்டகையில் நான் வருமுன் நடந்த
நல்ல ஆய்வு அது.

என் கருவிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு படிகம், ஜெர்மானியம்.
நூற்றெண்பது டிகிரி உறைகுளிரில் வைத்தால்தான்
வாய் திறக்கும்.
குளிரூட்டும் மோட்டார் முனகுகிறது,
மேலே தகரம் கொதிக்கிறது.
ஐஸ் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்து
"போதுமா மேடம்" என்றான் சந்தியாகு.
நண்டுக்கு வைத்திருந்த ஐஸ்.
எதற்கும் உதவாது என்று சொல்ல மனமில்லாமல்
பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

பிறகு காத்திருப்பு.
திரையில் ஒரு புள்ளி. வெகுநேரம் கழித்து இன்னொன்று.
நூற்றெண்பத்தாறில் ஒரு மேடு எழ வேண்டும்;
மொய்ப்பணம் மாதிரி
ஆயிரத்தொன்றில் இன்னொரு மேடு.
முன்னது இருநூற்று முப்பத்தைந்தின் சொந்தக் குரல்.
பின்னது, இருநூற்று முப்பத்தெட்டுக்காக
அதன் பேரன் வந்து பேசுவது.

"ஒரே யுரேனியம்தானே, எதுக்கு ரெண்டு?"
கேட்டது நெய்னா.
கீழக்கரையில் உங்கள் தெருவில்
செய்யது இபுராகிம் எத்தனை பேர் என்றேன்.
"பதினொண்ணு."
தபால்காரர் எப்படிப் பிரிக்கிறார்?
"பட்டப்பேர்தான். வெல்ல மண்டி, மூணு மாடி, கொழும்பான்..."
இதற்குப் பட்டப்பேர் கிடையாது.
பெயர் ஒன்று, நிறம் ஒன்று, குணமும் ஒன்று,
எடையில் மட்டும் ஒரு மயிரிழை.
அந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டுதான்
நாடுகள் ஒன்றையொன்று நம்புகின்றன
அல்லது நம்பாமல் இருக்கின்றன.

எங்கே தோண்டினாலும் ஆயிரத்துக்கு ஏழு.
பாறையில் ஏழு. தீவுப் பக்கத்துப் பவளத்தில் ஏழு.
இந்தக் கடலில் லிட்டருக்கு மூன்று மைக்ரோகிராம்
கரைந்து கிடக்கிறதே, அதிலும் ஏழு.
நாலு மணி நேரம் எண்ணினேன்.
கட்டியில் இரண்டு.

சொன்னேன்:
குழாய்ப் பற்றவைப்பைப் படம் பிடிக்கும்
ஒரு கருவியின் கவசம் இது.
உள்ளே இருந்த கதிர்மூலத்தை என்றோ எடுத்துவிட்டார்கள்.
பெரிய பயமில்லை. அறுக்காதீர்கள், உருக்காதீர்கள்,
கையைக் கழுவுங்கள்.

நெய்னா கழுவப் போனார்.
சந்தியாகு நின்ற இடத்திலேயே நின்றான்.
"ஏழு பேரு கடலுக்குப் போயி
ரெண்டு பேரு கரைக்கு வந்தா
மீதி எங்கன்னு கேக்க மாட்டாங்களா மேடம்?"

கேட்பார்கள்.
கேட்பதற்கென்றே ஒரு வேலை, ஒரு சம்பளம்,
கட்டம் போட்ட தாள், அடியில் என் கையெழுத்து.
நான் பிறக்கும் முன்பே எந்தத் தேசத்திலோ
அந்த ஐந்தைப் பிரித்தெடுத்து ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார்கள்,
ஒரு ஊருக்கு விளக்கெரிக்க.
வேறெதற்கும் இல்லையென்று
யாராவது காட்ட வேண்டும்.

பஞ்சுத் துணியால் கட்டியை ஒற்றியெடுத்துப்
பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டேன்.
இன்னொரு துணி, எதையும் தொடாதது,
காற்றில் ஒரு நிமிடம் விரித்துப் பிடிக்க வேண்டும். விதி அது.
கச்சான் பிடுங்கப் பார்த்தது. விடவில்லை.

ஆறு வாரம் கழித்து ஆய்வகத் தாள் வந்தது.
கட்டி: ஆயிரத்துக்கு ஒன்று புள்ளி ஒன்பது எட்டு.
வெற்றுத் துணி: உப்பு, மணல் தூசி,
தேடித் தேடிச் சிக்கிய சில அணுக்கள்.
ஆயிரத்துக்கு ஏழு, குறையாமல்.

அன்று மாலை நெய்னா கூப்பிட்டார்.
கட்டிக்குக் காசு கேட்பார் என்று நினைத்தேன்.
"சந்தியாகு கேக்கச் சொன்னான்.
அந்த அஞ்சு கெடச்சுச்சா?"

போன் முழுக்கக் காற்றின் இரைச்சல்.
அதற்கு என் தாளில் கட்டம் இல்லை என்பதை
எந்த வார்த்தையில் சொல்வது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.